ஒரே முள்ளில் இரண்டு கைகள்

அத்தியாயம் 11

வாண்டாவும் அவள் தங்கை மார்னியும் பேச்சை நிறுத்தி மூன்று வாரமாகிவிட்டது. அதுவரை தூது போனவர் லைல்.

லைல் வாண்டாவின் கணவர். "உன் தங்கச்சி பெயிண்ட் அடிக்கற ஏர்பிரஷை எடுத்துக்க வெள்ளிக்கிழமை வருவாளாம்" என்று அக்காவிடம் சொன்னார். "உங்க அக்கா வரட்டும்னு சொல்லிட்டா" என்று தங்கையிடம் சொன்னார். வெள்ளிக்கிழமை விடிவதற்குள் படகை வண்டியில் மாட்டிக்கொண்டு டாம்லர் ஏரிக்குப் போய்விட்டார். அந்தக் குடும்பத்தில் பெண் எடுத்து இத்தனை வருஷம் குப்பை கொட்டியவருக்கு, எந்த நாளில் வீட்டில் இருக்கக் கூடாது என்பது தெரியும்.

சண்டை என்னவோ தூண்டிலில் மாட்டும் பொய்மீன் ஒரு கூடையால் வந்தது.

காகித ஆலையை மூடியதும் அக்காவும் தங்கையும் சேர்ந்து தொடங்கிய தொழில் அது. தேவதாரு மரத்தை மீனாகச் செதுக்கி, வயிற்றில் ஈயம் வைத்து, தண்ணீரில் சரியாக நீந்துகிறதா என்று பார்ப்பது வாண்டாவின் வேலை. அதற்குச் செதிலும் செவுளும் எழுதி, மேலே கண்ணாடி மாதிரி எபாக்ஸிப் பசை பூசுவது மார்னியின் வேலை. மஸ்கி என்ற பெரிய வேட்டைமீனின் பல்லுக்குத் தாக்குப்பிடிக்க அந்தப் பூச்சு கெட்டியாக இருக்க வேண்டும். விஸ்கான்சினின் அந்த வடக்கு மூலையில் மஸ்கி பிடிக்கப் போகிறவன் தூண்டில் பெட்டியில், இந்தச் சகோதரிகளின் மரமீன் ஒன்றாவது இருக்கும்.

மூன்று வாரத்துக்கு முன்னால் மார்னி பூசிய கூடை முழுக்கக் குழி குழியாகக் காய்ந்தது. அம்மை போட்ட மாதிரி வட்டக் குழிகள். மரத்தின்மேல் எண்ணெய்ப் பசை இருந்தால்தான் எபாக்ஸி அப்படி ஒதுங்கிப் போகும்.

"கையில என்ன தடவிக்கிட்டு வந்தே?" என்று கேட்டாள் வாண்டா.

"ஒண்ணும் தடவல."

"அப்ப இது தானா வந்துதாக்கும். சிரத்தை இல்லாம வேலை செஞ்சா இப்படித்தான்."

அவ்வளவுதான். தூரிகையைக் கழுவாமல் வைத்துவிட்டுப் போன மார்னி, இந்த வாரம் லைலிடம் இன்னொரு சேதி சொல்லி அனுப்பினாள். வாடகை வீட்டைக் காலி செய்கிறாளாம். ஒமாஹாவில் இருக்கும் மகள் ஷெல்பியோடு போய் இருக்கப் போகிறாளாம். ஒரேயடியாக.

ஒரு குழிக்காகவா ஊரை விட்டுப் போவாள்? வாண்டாவுக்கு அது நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. கேட்கத்தான் வாய் வரவில்லை.

*

மார்னி வந்தபோது வாண்டா குளியலறையில் தொட்டி விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். தொட்டி நிறையத் தண்ணீர். குழி விழுந்த மரமீன்களில் ஒன்றை நூலில் கட்டி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பூச்சு கெட்டாலும் நீச்சல் கெடவில்லை. இடுப்பை ஆட்டிக்கொண்டு அழகாகப் போயிற்று.

கீழறைப் பட்டறையிலிருந்து ஏர்பிரஷ் பெட்டியோடு படியேறி வந்த மார்னி கதவருகே நின்றாள். வீட்டுக்குள்ளேயும் கறுப்புக் கண்ணாடி. கை விரல் வரை இழுத்துவிட்ட ஸ்வெட்டர். ஒரு மாதமாக இந்த ஒய்யாரம்தான்.

"அதைத் தூக்கிப் போடலியா நீ?" என்றாள். மூன்று வாரத்தில் நேராகப் பேசிய முதல் பேச்சு.

"நல்லா நீந்துது. எதுக்குப் போடணும்?"

"அடியில என் பேர் எழுதியிருக்கு. அந்த மூஞ்சியோட என் பேர் கடைக்குப் போகக் கூடாது. குடு."

"மரம் என்னுது."

"பெயிண்ட் என்னுது. குடு வாண்டா."

மார்னி பெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீருக்குள் கையை விட்டாள். வாண்டா மீனைத் தூக்கினாள். ஈர மரம் வழுக்கியது. இரண்டு பேரும் ஒரே சமயத்தில் எட்டிப் பிடித்தார்கள், ஒரே சமயத்தில் வெடுக்கென்று இழுத்தார்கள்.

அப்புறம் இரண்டு பேரும் அசையவில்லை.

மஸ்கித் தூண்டிலில் தொங்குவது ஒற்றை முள் இல்லை. மூன்று முனை கொண்ட பெரிய கொக்கி. வால் பக்கத்துக் கொக்கியின் ஒரு முனை வாண்டாவின் வலது கட்டைவிரல் மேட்டில் இறங்கியிருந்தது. இன்னொரு முனை மார்னியின் இடது உள்ளங்கையில்.

"இழுக்காதே" என்றாள் வாண்டா.

"நான் இழுக்கல. நீதான் இழுக்கறே."

"நான் மூச்சுகூட விடல."

மார்னி குனிந்து பார்த்தாள். "ஆழமாப் போயிருக்கா?"

"எதிர்முள் உள்ளே போயிடுச்சு. ரெண்டு பேருக்கும்."

இந்த ஊரில் கையில் முள் ஏறுவது பெரிய விஷயமே இல்லை. ஒரு நூலைச் சுற்றி, முள்ளின் கழுத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு வெடுக்கென்று இழுத்தால் வந்துவிடும். ஆனால் அது ஒரு முள்ளுக்கு. இங்கே ஒருத்தி கையிலிருந்து இழுத்தால் அடுத்தவள் கையில் இன்னும் ஆழமாக இறங்கும்.

வாண்டா தொட்டி ஓரத்தில் இருந்த குறட்டை இடது கையால் எடுத்து, கொக்கியை மீனோடு மாட்டியிருந்த வளையத்தைத் திறந்தாள். மரமீன் கழன்று தண்ணீரில் விழுந்தது. கொக்கி மட்டும் இரண்டு கைகளுக்கு நடுவே பாலம் போட்டுக்கொண்டு நின்றது.

"கம்பி வெட்டற கத்தரி எங்கே?" என்றாள் மார்னி.

"படகுல."

"இன்னொண்ணு இருந்துதே?"

"அதுவும் படகுல."

"நல்ல குடும்பம்" என்றாள் மார்னி.

லைலுக்குப் போன் போட்டார்கள். ஏரி நடுவில் அவர் குரல் விட்டு விட்டு வந்தது.

"யாரு கையில?" என்றார்.

"ரெண்டு பேர் கையிலயும். ஒரே முள்ளு."

லைன் போய்விட்டதா, மனுஷன் சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

"லைல், சிரிச்சீங்கன்னா வீட்டுக்கு வராதீங்க" என்றாள் வாண்டா.

"நான் கரைக்கு வர ஒரு மணி நேரம் ஆகும். ஆஸ்பத்திரிக்கே போயிடுங்க" என்றார் அவர். பிறகு கொஞ்சம் தயங்கி, "பேசிக்கிட்டே போங்க" என்றார்.

*

பிக்அப் வண்டிக்குள் ஏறுவதே ஒரு பெரிய கூத்தாகிவிட்டது. ஆளுக்கொரு கதவால் ஏற முடியாது. ஓட்டுநர் பக்கக் கதவு வழியாக மார்னி முதலில் நுழைந்து, இருக்கையில் பின்னோக்கியே நகர்ந்து போனாள். இணைந்த கைகளைத் துண்டில் பொதிந்து ஏந்திக்கொண்டு வாண்டா பின்னாலேயே ஏறினாள்.

"கியர் யார் போடறது?"

"உன் வலது கை சும்மாதானே இருக்கு? போடு."

மார்னி குறுக்கே எட்டி ஸ்டியரிங் அருகே இருந்த கியரைத் தள்ளினாள். வண்டி பின்னால் போவதற்குப் பதில் முன்னால் உறுமி, குப்பைத் தொட்டியை முட்டி நின்றது.

"ரிவர்ஸ் போடச் சொன்னேன்."

"நீ எதுவும் சொல்லல. உன் மனசுக்குள்ள இருக்கறது எனக்குத் தானாத் தெரியணும். எப்பவும் அதான்."

"உன் மனசுல இருக்கறது மட்டும் எனக்குத் தெரியுதா? ஊரை விட்டுப் போறதை என் புருஷன் சொல்லித் தெரிஞ்சுக்கிட்டேன்."

மார்னி கியரைச் சரியாகப் போட்டாள்.

ஏரிச்சாலையில் பனிக்காலம் விட்டுப்போன பள்ளங்கள் இன்னும் அடைபடவில்லை. ஒவ்வொரு பள்ளத்துக்கும் இருவரும் ஒன்றாக "ஸ்ஸ்" என்றார்கள். ஒரு பள்ளத்தில் துண்டு விலகி மார்னியின் ஸ்வெட்டர் கை மேலே ஏறிக்கொண்டது.

அப்போதுதான் வாண்டா பார்த்தாள். ரத்தம் இல்லை அது. புறங்கை முழுக்க மணிக்கட்டு வரை தோல் செக்கச் சிவந்து, விரலிடுக்கெல்லாம் வெடித்து, கொப்புளம் காய்ந்து உரிந்திருந்தது.

"என்னடி இது?"

"ரோட்டைப் பாரு."

"கை ஏன் இப்படி இருக்கு? எத்தனை நாளா?"

"ரோட்டைப் பாரு வாண்டா."

"இதுக்குத்தான் தடவினியா? எண்ணெயோ களிம்போ?"

மார்னி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "ஆமா. அரிப்பு தாங்காம தடவினேன். துடைச்சிட்டுத்தான் வந்தேன், போகல. உன் மீன் கெட்டதுக்கு நான்தான் காரணம். திருப்தியா?"

வாண்டாவுக்குத் திருப்தியாக இல்லை. மூன்று வாரமாகத் தான் கேட்க நினைத்த வார்த்தை இதுதான். அது வந்த பிறகு அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

*

அந்த ஊர் ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவுக்குள் நுழைந்ததும் ஒரு பலகை கண்ணில் படும். மனிதர்களின் கை, காது, மூக்கு, முதுகு என்று பல இடங்களிலிருந்து எடுத்த தூண்டில்களை அதில் வரிசையாக மாட்டியிருப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே எந்த இடம் என்று ஒரு சீட்டு.

"அது நம்மளுது" என்றாள் மார்னி, மெதுவாக.

மேல் வரிசையில் அவர்கள் செய்த மரமீன் ஒன்று தொங்கியது. 'பிட்டம்' என்று கீழே எழுதியிருந்தது. பச்சை முதுகு, பொன் வயிறு. விளக்கு வெளிச்சம் அதன்மேல் வழுக்கிக்கொண்டு போயிற்று.

"பூச்சு எவ்வளவு நல்லா நிக்குது பாரு" என்றாள் வாண்டா, தன்னை அறியாமல்.

டாக்டர் ஷியோங் சின்ன உருவம், சுறுசுறுப்பு. துண்டைப் பிரித்துப் பார்த்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"சிரிச்சிடுங்க, பரவாயில்ல" என்றாள் மார்னி.

"சிரிக்கல. இது மாதிரி ஒண்ணு எங்க பலகையில இல்ல. எங்க அண்ணன்களே நாலு பேர் அதுல இருக்காங்க, ஆனா எல்லாம் ஒத்தைக் கை." மரத்துப்போகும் ஊசியை இருவருக்கும் போட்டார். "அக்கா தங்கையா?"

"ஆமா" என்றார்கள் இருவரும்.

கத்தரியால் கொக்கியைக் கழுத்தில் வெட்டியதும் இரண்டு கைகளும் பிரிந்தன. பிறகு ஒவ்வொரு முனையையும் முன்னால் தள்ளி, எதிர்முள்ளை நறுக்கிவிட்டு, வந்த வழியே உருவினார். வாண்டாவுக்கு முதலில், மார்னிக்கு அடுத்து. கை விடுபட்டதும் வாண்டா எழுந்து போயிருக்கலாம். அவள் நாற்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

கட்டுப் போடும்போது டாக்டரின் கை நின்றது. "இந்தத் தோல் முள்ளால வந்தது இல்லியே."

"அது வேற" என்றாள் மார்னி.

"கண்ணாடியைக் கொஞ்சம் கழட்டறீங்களா?"

மார்னி கழற்றவில்லை. டாக்டர் காத்திருந்தார். கடைசியில் மார்னி இன்னொரு கையால் கழற்றி மடியில் வைத்தாள்.

இமைகள் இரண்டும் ஊதி, பளபளத்து, கண் ஒரு கீறலாகச் சுருங்கியிருந்தது.

இந்த முகத்தை வாண்டா முன்பே பார்த்திருக்கிறாள். காலையில் சமையலறை மேசைக்கு எதிரே, காப்பிக் கோப்பைக்குப் பின்னால். அம்மாவுக்கு முதலில் வீங்கியது கண்தான். அப்புறம் கால். அப்புறம் சிறுநீரகம் இரண்டும் போய், வாரத்தில் மூன்று நாள் பக்கத்து மாவட்டத்துக்கு ரத்தம் சுத்தம் செய்யக் கூட்டிப் போனது வாண்டாதான். நாலு வருஷம். கடைசி நாள் வரை.

"மார்னி" என்றாள்.

"அதான் உனக்குச் சொல்லல" என்றாள் மார்னி. டாக்டர் இருப்பதையே மறந்தவள் போலப் பேசினாள். "அம்மா பக்கத்துல அந்த நாற்காலியில நீ உக்காந்து உக்காந்தே உன் முதுகு போச்சு. மறுபடி எனக்காக உக்காருன்னு நான் எப்படிச் சொல்வேன்? ஒமாஹாவுல பெரிய ஆஸ்பத்திரி இருக்கு. ஷெல்பி இருக்கா. நேத்து ராத்திரிதான் அவகிட்டயே சொன்னேன். நீ கோவமா இருந்தே. சரி, கோவமாவே இருக்கட்டும், போறதுக்கு வசதின்னு விட்டுட்டேன்."

"பைத்தியக்காரி" என்றாள் வாண்டா. "ஈஸ்டருக்கு நான் வச்ச பன்றித்தொடையைத் தொடவே இல்லியே, அது?"

"உப்பு. சிறுநீரகத்துக்கு ஆகாதே."

"நான் உனக்குத் திமிருன்னு நெனச்சேன்."

"எந்த டாக்டர் சொன்னாங்க சிறுநீரகம்னு?" என்றார் ஷியோங்.

மார்னி மடியில் இருந்த கண்ணாடியைத் திருப்பி வைத்தாள்.

"யாரும் சொல்லல. இல்லியா?"

"எங்க அம்மாவுக்கு இப்படித்தான் ஆச்சு. தெரிஞ்ச வியாதிக்கு எதுக்குப் போய்க் கேக்கணும்?"

டாக்டர் ஒரு குப்பியைக் கொடுத்துச் சிறுநீர் எடுத்து வரச் சொன்னார். ரத்தம் எடுத்தார், அழுத்தம் பார்த்தார். காலை அழுத்திப் பார்த்தார். வீக்கம் இருந்தால் விழும் பள்ளம் விழவில்லை. பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, "என்ன வேலை பாக்கறீங்க?" என்றார்.

"பலகையில மேல் வரிசையில தொங்குதே, அதைச் செய்யறோம்."

டாக்டர் நிமிர்ந்தார். "அந்தப் பூச்சு எபாக்ஸிதானே? கையுறை போட்டுக்கிட்டா பூசுவீங்க?"

"போட்டா தூரிகை கையிலேயே இல்லாத மாதிரி இருக்கும்."

"முகத்துக்கு எவ்வளவு தூரத்துல வச்சுப் பூசுவீங்க?"

இதற்கு வாண்டா பதில் சொன்னாள். "தூரமாவது. மூக்கு ஒட்டற மாதிரி வச்சுப்பா. பூசினதும் உள்ளே காத்துக் குமிழ் நிக்கும், டாக்டர். மத்தவங்கல்லாம் சூடான காத்து ஊதற குழாய் வச்சு உடைப்பாங்க. இவ வாயாலயே ஊதுவா. ஒவ்வொரு மீனையும் சுத்திச் சுத்தி, குழந்தைக்குப் பால் ஆத்தற மாதிரி. அதான் இவ பூச்சுல ஒரு குமிழ்கூட இருக்காது."

"பூசின மறுநாள் கண் எப்படி இருக்கும்?"

மார்னி யோசித்தாள். "மறுநாள்தான் மோசம். அதுக்கு அடுத்த நாளும்."

"இந்த மூணு வாரம்?"

"இந்த மூணு வாரம்..." மார்னி நிறுத்தினாள். "வத்திப் போச்சு. கைகூட ஆற ஆரம்பிச்சுது. நேத்து முந்தாநாள்தான் மறுபடியும் வந்துது."

"முந்தாநாள் என்ன செஞ்சீங்க?"

மார்னி அக்காவை ஓரக்கண்ணால் பார்த்தாள். "வீட்ல வச்சு ஒரு மீனுக்குப் பூசினேன். போறதுக்கு முன்னாடி இவளுக்குக் குடுக்கலாம்னு."

"ஒரு மணி நேரம் குடுங்க" என்றார் டாக்டர். "ரத்தம் என்ன சொல்லுதுன்னு பார்த்துட்டு என் சந்தேகத்தைச் சொல்றேன்."

அந்த ஒரு மணி நேரம் எப்படிப் போயிற்று என்று வாண்டாவைக் கேட்டால் சொல்லத் தெரியாது. காப்பி இயந்திரத்துக்கு இரண்டு தடவை போய் வெறுங்கையோடு வந்தாள். பலகை முன்னால் நின்று எல்லாச் சீட்டையும் படித்தாள். காது. மேலுதடு. காது. நாய்.

திரும்பி வந்து தங்கை பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கையில என்னன்னுதான் கேட்டேன்" என்றாள். "கைக்கு என்னன்னு கேக்கல."

"கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்."

"தெரியும். இருந்தாலும் கேட்டிருக்கணும்."

மார்னி கட்டுப் போட்ட கையை அக்காவின் மடியில் வைத்தாள். இந்தத் தடவை இருவருக்கும் நடுவே முள் இல்லை.

டாக்டர் வந்தார். உட்காரக்கூட இல்லை. வந்த வேகத்திலேயே சொன்னார்.

"உங்க சிறுநீரகம் ரெண்டும் அதது வேலையை ஒழுங்காப் பாத்துக்கிட்டிருக்கு. சிறுநீர்ல ஒண்ணுமில்ல, ரத்தத்துல ஒண்ணுமில்ல. எபாக்ஸி உங்களுக்கு ஒத்துக்கல. உடம்புல இமைத் தோல்தான் ரொம்ப மெல்லிசு, அதான் முதல்ல வீங்குது. தோல் டாக்டர்கிட்ட ஒரு பரிசோதனை பண்ணி உறுதிப்படுத்திக்கணும். அதுவரைக்கும், ஏன், அதுக்கப்புறமும், காயாத எபாக்ஸி இருக்கற அறைக்குள்ளயே நீங்க போகக் கூடாது."

மார்னி அவரையே பார்த்தாள்.

"பசையா?" என்றாள்.

"பசைதான்."

"நான் உயிலெல்லாம் எழுதிட்டேனே."

வாண்டாவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பாதி வழியில் அது அழுகையாக மாறி, மறுபடி சிரிப்பாயிற்று. மார்னி அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். இரண்டு கிழப் பெண்கள் ஒரு கட்டிலில் உட்கார்ந்து குலுங்குவதைப் பார்த்து ஒரு நர்ஸ் ஓடி வந்தாள். டாக்டர் கையமர்த்தி அவளை அனுப்பினார்.

கிளம்பும்போது டாக்டர் வெட்டிய கொக்கியை ஒரு தட்டில் வைத்து நீட்டினார். "இதோட இருந்த மீனைக் கொண்டு வந்து குடுங்களேன். பலகையில நடுவுல மாட்டணும். 'ரெண்டு பேர்'னு எழுதி."

"அது முடியாது" என்றார்கள் சகோதரிகள், ஒரே குரலில்.

"ஏன்?"

"பூச்சு சரியில்ல அதுல" என்றாள் வாண்டா.

"முழுக்கக் குழி. ஊரே பார்க்கும்" என்றாள் மார்னி. "வேற நல்லதா ஒண்ணு தர்றோம். பொய் சொல்லி மாட்டிடுங்க."

*

வெள்ளிக்கிழமை அந்தப் பக்கமெல்லாம் மீன் சாப்பாட்டு நாள் ஆனதால் ஏரிக்கரைச் சாப்பாட்டுக்கடையில் மத்தியானமே கூட்டம். பொரித்த மீன், உருளைக்கிழங்கு அடை, கம்பு ரொட்டி, முட்டைக்கோஸ். தட்டு வந்ததும் மார்னி உப்புக் குப்பியை எடுத்தாள். மீனுக்குப் போட்டாள். அடைக்குப் போட்டாள். கொஞ்சம் யோசித்து ரொட்டிக்கும் போட்டாள்.

"போதும்டி. இல்லாத வியாதியை வரவழைக்காதே."

"ஒரு மாசம், வாண்டா. ஒரு மாசம் வெந்த கோழியைத் தின்னேன். வாயை மூடிக்கிட்டுச் சாப்பிடு."

இருவரும் பேசாமல் சாப்பிட்டார்கள். மூன்று வாரத்து மௌனம் மாதிரி இல்லை இது. வாயில் மீன் இருந்தது, அவ்வளவுதான்.

"அப்ப இனிமே மேல்பூச்சு யாரு?" என்றாள் வாண்டா.

"நீதான்."

"எனக்குப் பொறுமை கிடையாது."

"அது எனக்குத் தெரியும். நான் வெளியே ஜன்னல் பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்து திட்டறேன். நீ பூசு."

"ஊதவெல்லாம் மாட்டேன்."

"ஊதாதே. ஒரு குடும்பத்துக்கு ஒரு வீங்கின மூஞ்சி போதும்."

வாண்டா நாப்கினால் வாயைத் துடைத்துக்கொண்டாள். கேட்க வேண்டியதை இந்தத் தடவை தள்ளிப்போடவில்லை. "ஒமாஹா?"

"ஒமாஹாவுல ஏரி ஏது?" என்றாள் மார்னி. "வீட்டுக்காரர்கிட்ட காலி பண்றேன்னு சொன்னதை இன்னைக்கே போய்த் திருப்பிக்கணும். அதுக்கு முன்னாடி ஷெல்பிக்குச் சொல்லணும். பாவம், ராத்திரி முழுக்க அழுதிருப்பா."

வண்டிக்குள் உட்கார்ந்து போனை எடுத்தாள். வாண்டாவும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியில் போட்டாள்.

"அம்மா, நீ பேசாதே" என்றது ஷெல்பியின் குரல், எடுத்த உடனே. பின்னால் வண்டி ஓடும் இரைச்சல். "மூச்சு வாங்கும். நான் பேசறேன், நீ கேளு."

"ஷெல்பி, எனக்கு ஒண்ணுமில்லடி."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. நான் ராத்திரியெல்லாம் படிச்சேன். என்னோடதுல ஒண்ணை உனக்குக் குடுக்கப் போறேன், முடிவு பண்ணியாச்சு."

"எனக்கு யாரோடதும் வேண்டாம். என்னோடது ரெண்டும் ஜம்முனு இருக்கு. இப்பதான் ஆஸ்பத்திரியில பார்த்தாங்க. எபாக்ஸி ஒத்துக்கலியாம். அதனால வந்த வீக்கம்."

இரைச்சல் மட்டும் கேட்டது.

"ஷெல்பி?"

"எபாக்ஸியா?"

"உங்க பெரியம்மா பக்கத்துல இருக்கா. வேணும்னா கேளு."

"நெஜந்தான் கண்ணு" என்றாள் வாண்டா. "டாக்டர் சொல்லும்போது நான் பக்கத்துலயேதான் இருந்தேன்."

அந்தப் பக்கம் விசும்பல் கேட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஷெல்பி சிரித்தாள். "நான் உன்னைக் கொல்லப் போறேன்மா. வேலையை விட்டுட்டேன். காலையில ஆறு மணிக்குக் கிளம்பி இப்ப ஓ கிளேர் ஊரைத் தாண்டிட்டேன்."

"இங்கேயா வர்றே?"

"பின்ன எங்க போவேன்? வர்றேன். உன்னைப் பார்க்கணும். ஒண்ணும் இல்லாட்டியும் பார்க்கணும்."

மார்னி இமையை ஒற்றிக்கொண்டாள். அவள் முகத்தில் ஒரு மாதமாக இல்லாத வெளிச்சம் இருந்தது. "வா. மெதுவா ஓட்டு. பெரியம்மா வீட்டுக்கே வந்துடு, சாப்பாடு வாங்கி வைக்கறேன். ஒரு தட்டு மீன் போதும்ல உனக்கு?"

"ரெண்டு வாங்கும்மா" என்றாள் ஷெல்பி.

"அவ்வளவு பசியா?"

போனில் ஷெல்பிக்குப் பின்னாலிருந்து, தூங்கி எழுந்த சின்னக் குரல் ஒன்று தெளிவாகக் கேட்டது. "மர மீன் செய்யற வீடு இன்னும் எவ்ளோ தூரம்?"

"கிட்டதான்டா செல்லம்" என்றாள் ஷெல்பி, போனை விட்டுத் தள்ளி. பிறகு அவசரமாக, "வந்து சொல்றேன்மா" என்று வைத்துவிட்டாள்.

மார்னி இருண்டுபோன திரையைப் பார்த்தாள். பிறகு அக்காவைப் பார்த்தாள்.

ஷெல்பிக்குக் குழந்தை கிடையாது.